பழைய வீட்டில் சிகிச்சை அறை: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், முற்றம் வைத்த பழைய மச்சு வீட்டில் பிசியோதெரபி மையம் நடத்துகிறேன். இரண்டு அறை என் உபயோகத்துக்கு. மீதி அறைகளைப் பேச்சுப் பயிற்சி, உளவியல் ஆலோசனை, யோகா, தொக்கணம் (சித்த மருத்துவ எண்ணெய் மசாஜ்) என்று வேறு வேறு ஆட்கள் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். போன இதழில் அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அக்கா, நான் உளவியல் ஆலோசகர். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மதுரைக்கு வந்து ஆட்களைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கோயில் பக்கம் ஒரு பழைய வீட்டில் இயங்கும் மையத்தில் அறை கிடைக்கிறது. மாத வாடகைக்கு எடுப்பதா, மணி வாடகைக்கு எடுப்பதா? அறையில் எதைப் பார்க்க வேண்டும்?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: முதலில் கணக்கை முடித்துவிடுவோம். ஒரு பேச்சுக்கு, அறைக்கு மாதம் 9,000 ரூபாய், மணிக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9,000-ஐ 200-ஆல் வகுத்தால் 45. மாதத்தில் 45 மணி நேரத்துக்குக் குறைவாக உட்காருகிறவருக்கு மணி வாடகைதான் லாபம். நீங்கள் வாரம் இரண்டு நாள், நாளுக்கு நாலு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 32 மணி. 6,400 ரூபாயில் முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் மாத வாடகையில் போய் மாட்டிக்கொள்ளவே வேண்டாம். ஆள் வராத மாதத்திலும் வாடகை வரும்.

மணி வாடகையில் கேட்டு எழுதி வாங்க வேண்டியது இரண்டு. வருகிறேன் என்று சொன்னவர் வராமல் போனால் அந்த மணிக்குக் காசு உண்டா? எங்கள் மையத்தில் முந்தின நாளே சொல்லிவிட்டால் கிடையாது, அன்றைக்குச் சொன்னால் பாதி. இன்னொன்று, உங்கள் மணி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? ஒருவரோடு 50 நிமிடம் பேசுவீர்கள். அவர் அழுது முடித்து முகம் கழுவிக் கிளம்ப வேண்டும். அதற்குள் அடுத்தவர் கதவைத் தட்டினால் அந்த 50 நிமிடமும் வீண். இரண்டு பேருக்கு நடுவில் பத்து நிமிடம் காலியாக விடாத மையத்தில் ஆலோசனைக்கு அறை எடுக்காதீர்கள்.

இனி அறை. உங்கள் தொழிலுக்கு எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றுதான்: உள்ளே பேசுவது வெளியே கேட்கக்கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பற்றிய தகவல் ரகசியமாக இருப்பதை நோயாளியின் உரிமை என்று சொல்கிறது. பழைய வீட்டில் சுவர் ஒன்றரை, இரண்டு அடி தடிமன் இருக்கும், சத்தம் போகாது என்று நினைப்போம். சுவர் வழியாகப் போகாதுதான். ஆனால் கதவுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். மூன்று மரக்கம்பியோ இரும்புக்கம்பியோ வைத்து ஒரு காற்றுப்பொந்து இருக்கும். வென்டிலேட்டர் என்பார்கள். பல வீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவிலும் கூரை ஓரமாக ஒன்று இருக்கும். காற்று ஓட வேண்டும் என்று வைத்தது. பேச்சும் அதன் வழியாகத்தான் ஓடும். முற்றம் இருந்தால் கேட்கவே வேண்டாம், கீழே பைய முணுமுணுத்தாலும் மாடித் தாழ்வாரத்தில் தெளிவாக விழும்.

அறை பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். கூட வருகிறவரை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, சாதாரணக் குரலில் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் தாழ்வாரத்தில் நில்லுங்கள், அப்புறம் பக்கத்து அறையில், அப்புறம் மாடியில். ஆள் பேசுவது கேட்டால் பரவாயில்லை. எண் புரிந்தால் அந்த அறை உங்களுக்கு ஆகாது. அல்லது சரி செய்து தரச் சொல்ல வேண்டும். சரி செய்வது பெரிய வேலையும் இல்லை. வென்டிலேட்டர் அளவுக்கு ஒரு பலகை அறுத்து, ஓரத்தில் கனமான கம்பளித் துணி ஒட்டி, கழற்றி மாட்டுகிற மாதிரி பொருத்தலாம். செங்கல்லும் சிமென்டும் வைத்து அடைத்தால் வெயில் காலத்தில் அறை புழுங்கிப்போகும், அதை அனுமதிக்காதீர்கள். கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளிக்கு ரப்பர் பட்டை, உள்பக்கம் தரையைத் தொடுகிற கனத் திரை, தரையில் கோரைப்பாயோ ஜமுக்காளமோ. தாழ்வாரத்தில் ஒரு டேபிள் ஃபேன் ஓடினால் மிச்சம் மீதிப் பேச்சும் அதில் கரைந்துவிடும்.

கடைசியாக, வருகிறவர் எந்த வழியாக வருவார் என்று பாருங்கள். நம்ம ஊரில் வெளி வீதிக்குள் இருக்கிற எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மனநலம் என்று பெரிய போர்டு வைத்தால், சித்தப்பா பையன் பார்த்துவிடுவான் என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. நம் பக்கத்து நீள வீடுகள் பலவற்றுக்குப் பின்சந்தில் ஒரு கதவு இருக்கும். முன்வாசலில் வந்து பின்வாசலில் போக வழி தருகிற மையமாக இருந்தால், மணிக்கு 20 ரூபாய் கூடுதல் கேட்டாலும் கொடுங்கள்.

கேள்வி: வடக்கு ஆவணி மூல வீதியில் என் தாத்தா கட்டிய வீடு. இடித்துவிட்டு உயரமாக லாட்ஜ் கட்டலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. வெல்னஸ் சென்டர் நடத்த ஒருவர் மொத்த வீட்டையும் கேட்கிறார். அவர் அறை அறையாக மற்றவர்களுக்கு விடுவாராம். குத்தகை என்று எழுதாமல் லைசென்ஸ் (வெறும் அனுமதி) என்று எழுதினால் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம் என்கிறார் புரோக்கர். உண்மையா?
(வாசகர், மதுரை)

பதில்: ஐயா, தம்பியிடம் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்ட அனுமதி கிடையாது. ஆவணி மூல வீதி அதற்குள்தான் வருகிறது. இடித்துக் கட்டினாலும் இப்போதைய வீட்டைவிட அதிகம் மேலே போக முடியாது. தேக்கு உத்திரமும் கல்தூணும் போய்விடும், கையில் கடன் நிற்கும். உங்கள் மனசு சொல்வதே கணக்கும் சொல்கிறது. 1921 செப்டம்பர் 22-ல் காந்தி அரையாடைக்கு மாறிய மேல மாசி வீதி வீட்டைப் பாருங்கள். பூட்டி வைக்காமல் காதிக் கடையாகப் புழங்கியதால்தான் அந்த வீடு ஊர் கண்ணில் இருந்துகொண்டே இருக்கிறது. ஆள் நடமாட்டம் இருக்கிற வீட்டில்தான் கரையானும் ஒழுக்கும் நேரத்தோடு கண்ணில் படும்.

புரோக்கர் சொன்னதை நம்ப வேண்டாம். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் நீதிமன்றம் பார்க்காது. டெல்லியில் ஓர் ஓட்டலுக்குள் அறை எடுத்து முடிதிருத்தும் நிலையம் நடத்திய ஆர்.என். கபூர் வழக்கில், பத்திரத்தில் லைசென்ஸ் என்று இருந்தும் அது குத்தகைதான் என்று உச்ச நீதிமன்றம் 1959-ல் சொன்னது. இடத்தை முழுசாக ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டோமா என்பதுதான் முக்கியம். உங்கள் விஷயத்தில் மொத்த வீட்டின் சாவியும் அவரிடம் போகிறது. அது குத்தகை. அவரிடம் மணிக்கணக்கில் அறை எடுக்கிறவர்கள் கதை வேறு. சாவி மையத்திடமே இருக்கும், காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர் உட்காருவார். அது அனுமதி மாதிரி. ஆகவே இரண்டு அடுக்குக்கும் இரண்டு விதமான ஒப்பந்தம் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. கடை, அலுவலகம் போன்ற இடங்களுக்கும் அது பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாதம் என்று முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் போதும் என்கிற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. உங்கள் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அவர் உள்வாடகைக்கு விட முடியாது. அந்தச் சம்மதம்தான் உங்கள் கையில் இருக்கிற பிடி. சும்மா கொடுத்துவிடாதீர்கள். எந்தெந்தச் சிகிச்சைக்கு விடலாம், எதற்குக் கூடாது, எந்த அறையில் தண்ணீர் புழங்கலாம் என்பதையெல்லாம் அந்தச் சம்மதத்திலேயே எழுதுங்கள்.

அறையில் உட்காருகிற ஒவ்வொருவரின் படிப்புச் சான்றிதழும் பதிவுச் சான்றிதழும் நகல் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சித்த மருத்துவர் என்றால் சித்த மருத்துவக் கவுன்சில் பதிவு, மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு. மருத்துவம் பார்க்கிற இடமாக இருந்தால் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவும் வேண்டும், மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள். உங்கள் தாத்தா பெயர் சொல்கிற வீடு. போலி ஒருவர் அங்கே உட்கார்ந்தால் ஊர் பேசுவது உங்களைத்தான்.

மேல்தளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் என்றால் கைமரத்தை வரிசையாக வைத்து, மேலே மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்பில் குறுக்காகக் குத்தி நிறுத்தி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று நிரம்பினால் ஒரு டன். அதை அந்தத் தளத்தின் நடுவில் தூக்கி வைக்க விடாதீர்கள். வாடகைக்கு விடும் முன்பு ஒரு நல்ல ஆசாரியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு உத்திரமும் சுவருக்குள் நுழைகிற முனையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் நன்றாக இருக்கும் மரம் அந்த முனையில்தான் முதலில் உளுக்கும். ஒழுக்கு, உத்திரம், தளம் உங்கள் செலவு. பெயின்ட், விளக்கு, குழாய் அவர் செலவு என்று பிரித்து எழுதினால் பின்னால் சண்டை இல்லை.

கேள்வி: நான் சித்த மருத்துவம் படித்தவன். பழைய வீட்டில் ஓர் அறை எடுத்துத் தொக்கணமும் ஆவிக் குளியலும் கொடுக்க ஆசை. மாடி அறைதான் காலி என்கிறார்கள். தரையில் ஆத்தங்குடிக் கல். கீழ்த்தளத்துச் சுவர் அடியில் பொரிந்து உதிர்கிறது, சிமென்ட் பூசித் தருகிறேன் என்கிறார் மையம் நடத்துகிறவர். எடுக்கலாமா?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: தம்பி, தொக்கணத்துக்கு எடுக்கலாம். ஆவிக் குளியலை மாடியில் வைக்காதீர்கள். மரமும் சுண்ணாம்பும் சேர்ந்த தளத்துக்குக் கீழே தினமும் ஆவி பிடித்தால், அந்த ஈரம் முழுவதும் மேலே போய்க் கைமரத்தில்தான் தங்கும். கீழே, பின்கட்டில், கிணற்றடிப் பக்கம் ஏற்கெனவே சாக்கடை வாட்டம் இருக்கிற இடமாகக் கேளுங்கள். பழைய வீட்டில் தண்ணீர் புழங்க வேண்டிய இடம் எது என்று கட்டினவர்களே முடிவு செய்துவிட்டார்கள், அதற்கு எதிராகப் போகாமல் இருப்பதே நல்லது.

சுவருக்குச் சிமென்ட் வேண்டவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடுதான் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். மண்ணிலிருந்து ஈரம் சுவரில் ஏறுவது இயற்கை. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் அது வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும். அடுத்த மழைக்கு, நீங்கள் பூசிய உயரத்துக்குச் சற்று மேலே உப்புப் பூத்துப் பொரியும். பிளாஸ்டிக் பெயின்டும் இதே வேலையைத்தான் செய்யும். பொரிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசி, காயவிட்டு, வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள். காய நாள் பிடிக்கும். அந்த நாட்களுக்கு வாடகை கிடையாது என்று பேசிக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லில் எண்ணெய் சிந்தினால் கறை ஒரு பக்கம், வழுக்கல் இன்னொரு பக்கம். சிகிச்சை முடிந்து எழுந்து நிற்கிறவர் காலிலும் எண்ணெய் இருக்கும். ஓரத்தில் விளிம்பு வைத்த மரக்கட்டில் போடுங்கள், கட்டிலைச் சுற்றிக் கனமான ரப்பர் விரிப்பு, வாசல் வரைக்கும் துணி மிதியடி. எண்ணெய் ஊறிய துண்டுகளை மூட்டை கட்டிப் பிளாஸ்டிக் கூடையில் மூடி வைக்காதீர்கள். குவியலாகக் கிடக்கும் எண்ணெய்த் துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மர வீட்டில் அது எவ்வளவு பெரிய விபரீதம் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றன்றே சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் விரித்துப் போட வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. நல்ல பிசியோதெரபிஸ்ட் என்று சொன்னார்கள், ஆனால் அவர் இருப்பது பழைய வீட்டு மாடியில். ஆட்டோவும் வாசல் வரை போகாதாம். அம்மாவை எப்படி அழைத்துப் போவது?
(வாசகி, மேலூர்)

பதில்: நீங்கள் தயங்குவது நியாயம். முழங்கால் வலிக்காரரை மாடி ஏறி வரச் சொல்வதே தவறு. போன் செய்து, "எங்கம்மாவால் படி ஏற முடியாது, கீழ் அறையில் பார்ப்பீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அறையை மணி வாடகைக்கு எடுத்திருப்பவர் என்றால், அந்த ஒரு மணிக்குக் கீழ் அறையை மாற்றிக்கொள்வது பெரிய காரியம் இல்லை.

வாசலில் திண்ணையை ஒட்டி எத்தனை படி என்று கேளுங்கள். சாய்தளம் இருக்கிறது என்று சொன்னால் எவ்வளவு நீளம் என்றும் கேளுங்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது அளவு. தலா 15 சென்டிமீட்டரில் மூன்று படி இருந்தால் 45 சென்டிமீட்டர் உயரம், சாய்தளம் 5.4 மீட்டர் ஓட வேண்டும். மாசி வீதிச் சந்துகளில் அதற்கு இடமே இருக்காது. இரண்டடிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சாய்தளம் என்பார்கள், அதில் சக்கர நாற்காலியைத் தள்ளுவது ஆபத்து. இடம் இல்லாத வீட்டில் இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி இருந்தால் அதுவே மேல். உள்ளே நுழைந்ததும் நிலைப்படி ஒன்று உயர்ந்து நிற்கும், பெரியவர்கள் தடுக்குவது அங்கேதான்.

கழிப்பறையையும் மறக்காமல் கேளுங்கள். பழைய வீடுகளில் அது கொல்லைக் கடைசியில், குத்த வைத்து உட்காருகிற மாதிரி இருக்கும். உயரமான கோப்பையும் சுவரில் பிடிகம்பியும் இல்லாத மையத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளுக்குள் வண்டி போகாது, மாசி வீதிப் பக்கம் இறங்கி எவ்வளவு நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் சரியான பதில் இல்லையென்றால், தொடக்கத்தில் சில வாரம் வீட்டுக்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு கொஞ்சம் இளகியதும் மையத்துக்குப் போகலாம்.

கேள்வி: சிகிச்சை அறைக்குள் கேமரா வைத்தால்தான் பாதுகாப்பு என்கிறார் அறை தருகிறவர். சம்மதிக்கலாமா?
(வாசகி, சோழவந்தான்)

பதில்: கூடாது. துணி விலக்கிப் படுக்கிற இடத்தில், மனசு திறந்து பேசுகிற இடத்தில் கேமராவுக்கு என்ன வேலை? 2022 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், ஸ்பா போன்ற இடங்களுக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. அதற்குச் சற்று முன்பு சென்னையில் வேறொரு நீதிபதி கேமரா வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார் என்பதால், மசாஜ் தொழிலில் இருப்பவர்கள் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது. வாசலிலும் வரவேற்பிலும் வைக்கட்டும். பெண் நோயாளிக்குத் துணைக்கு ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று எழுதிப் போடட்டும். பாதுகாப்பு அப்படித்தான் வரும்.

கேள்வி: மின் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது? ஜி.எஸ்.டி. உண்டா?
(வாசகர், மதுரை)

பதில்: வீட்டு இணைப்பிலேயே மையம் நடத்தக்கூடாது, வணிக இணைப்பாக மாற்ற வேண்டும். மெழுகு ஒத்தடம், டயாதெர்மி (மின்சாரத்தால் சூடு கொடுப்பது) போன்ற கருவி வைப்பவருக்குத் தனியாக ஒரு துணை மீட்டர் போடுங்கள், மற்றவர்களுக்கு மணி வாடகையிலேயே சேர்த்துவிடலாம். மரப்பட்டையில் ஆணி அடித்து ஓடுகிற பழைய ஒயரிங்கில் கருவி எதையும் மாட்டாதீர்கள். புது ஒயர், சரியான எர்த், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., இவை மூன்றும் இல்லாமல் ஒரு நோயாளியையும் படுக்க வைக்கக்கூடாது. வரிக்கு உட்பட்ட சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். பதிவு செய்த மையம் தருகிற அறை வாடகைக்கு 18 சதவீதம் சேரும். பேசும்போதே வரியோடு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சித்திரைத் திருவிழா நாட்களில் ஆட்கள் வர முடிவதில்லை. அந்த நாட்களுக்கும் வாடகை கேட்கிறார்களே?
(வாசகி, மதுரை)

பதில்: ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் கேட்கத்தான் செய்வார்கள். திருக்கல்யாணம், மறுநாள் மாசி வீதிகளில் தேரோட்டம், அப்புறம் அழகர் ஆற்றில் இறங்குவது என்று அடுத்தடுத்து வரும். அந்த நாட்களில் நம் சந்துக்குள் நோயாளி வண்டி நுழையாது. மைக் சத்தத்தில் ஆலோசனையும் நடக்காது. எங்கள் மையத்தில் அந்த நாட்களை வாடகை இல்லாத நாட்கள் என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிட்டோம். அவசரமாகப் பார்க்க வேண்டியவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறோம், ஆலோசனை போனில் நடக்கிறது. திருவிழாத் தேதி வருஷா வருஷம் மாறும் என்பதால் ஒப்பந்தத்தில் தேதி போடாமல் விழாவின் பெயரைப் போடுங்கள். கோயில் அழைப்பிதழ் வந்ததும் நோயாளிகளுக்கு மாற்று நாள் கொடுத்துவிடலாம்.